ஆர்.ஓ. ஆலைக்கு ஒரே வாசல் வைத்த கதை

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டும் ஆர்.ஓ. ஆலைக்காக நாங்கள் எழுதிய கேட்வே மென்பொருள் (வெளியிலிருந்து வரும் கட்டளைகளைச் சோதித்து ஆலையின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அனுப்பும் வாசல்) கடைசிச் சோதனையில் தேறிவிட்டது. ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்வேக்குப் போகும் 24 வோல்ட் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. பம்புகள் நிற்கவில்லை. டச் பேனல் உறையவில்லை. தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சின் இலக்கு இம்மியும் நகரவில்லை. வெளியிலிருந்து எதையாவது மாற்றும் வழி மட்டும் அடைபட்டது. இதற்கு ஏன் இவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது என்பதைச் செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். பாதுகாப்பு டிசைன் பேட்டர்ன்களை (திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்கள்) புத்தகத்தில் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குள் கொண்டுவர நினைப்பவர்களுக்கு உதவும்.

ஆலை நிற்கக் கூடாது என்பது இந்த ஊரில் வெறும் லாபக் கணக்கு அல்ல. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்த முடியும். ஆர்.ஓ. நின்றால் சேமிப்புத் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்தால் சாயமேற்றும் எந்திரங்களை நிறுத்த வேண்டியதுதான். ஆகவே முதலாளி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் பெட்டி கெட்டுப்போனால் என் தண்ணீர் ஓடுமா?" என்பதுதான். ஹேக்கர்களைப் பற்றி அவர் பிறகுதான் கேட்டார். அவர் கேட்ட வரிசை சரி என்று எனக்கு வேலை முடிந்த பிறகுதான் முழுதாக உறைத்தது.

நாங்கள் போனபோது இருந்த நிலை இது. ஒரு பிஎல்சி, அதாவது பம்புகளையும் வால்வுகளையும் ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி. அதன் பக்கத்தில் டச் பேனல். கட்டுப்பாட்டு அறையில் ஸ்காடா எனும் கண்காணிப்பு மென்பொருள் ஓடும் கணினி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரவு அனுப்பும் ஒரு லாகர். எல்லாம் எட்டு துளை கொண்ட ஒரே சாதாரண சுவிட்சில் செருகப்பட்டிருந்தன. அந்த சுவிட்ச் நேராக இணைய ரூட்டரில். முதலாளி வீட்டிலிருந்து கைபேசியில் அளவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். முன்பு நிறுவிக் கொடுத்தவர்கள் ரூட்டரில் 502 என்ற போர்ட்டை (நெட்வொர்க் வாசல் எண்) உலகத்துக்கே திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது மோட்பஸ் டிசிபியின் போர்ட். மோட்பஸ், கட்டுப்பாட்டுக் கருவிகள் பேசிக்கொள்ள மோடிகான் நிறுவனம் 1979-ல் உருவாக்கிய நெறிமுறை; டிசிபி என்பது அதன் நெட்வொர்க் வடிவம். அதில் கடவுச்சொல் கிடையாது, யார் பேசுகிறார்கள் என்ற கேள்வியே கிடையாது. இணைப்புக் கிடைத்தவர் எவரானாலும் எழுதலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 2000-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மரூச்சி ஷயர் பகுதியின் கழிவுநீர் நிலையங்களை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் ரேடியோ வழியாகப் புகுந்து பம்புகளைத் தன் விருப்பப்படி ஆட்டுவித்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. போர்ட் 502-ஐ அன்றே ரூட்டரில் மூடினோம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, செலவும் இல்லை. இந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு காரியம்தான் செய்வீர்கள் என்றால் அதைச் செய்யுங்கள்.

எந்த பேட்டர்ன்களை எடுப்பது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஜோசப் யோடரும் ஜெஃப்ரி பார்கலோவும் 1997-ல் எழுதிய கட்டுரையில் வரும் பழைய பேட்டர்ன்களே போதுமாக இருந்தன: உள்ளே வர ஒரே வாசல், வாசலில் ஒரு சோதனைச் சாவடி, ஆளுக்கு ஏற்ற பொறுப்பு, அவரவருக்குத் தேவையானதை மட்டும் காட்டும் திரை. இவற்றோடு திருத்த முடியாத பதிவேடு ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். இவை அலுவலக மென்பொருளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே சந்தேகம் வந்தால் கதவைச் சாத்திவிடலாம், பயனர் திரும்பக் கடவுச்சொல் போடுவார். ஆலையில் எந்தக் கதவைச் சாத்துவது, எதைத் திறந்தே விடுவது என்பதைப் பேட்டர்ன் சொல்லித் தராது. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று.

முதலில் காது கொடுத்தோம்

சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு மின்பெட்டியின் டின் ரெயிலில் மாட்டும், அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைப் போட்டோம், 11,500 ரூபாய். அதில் ஒரு துளையை நகல் துளையாக்கி, பிஎல்சியோடு யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் ஒட்டுக்கேட்கும் மென்பொருளை வைத்துப் பிடித்தோம். மோட்பஸ் படிக்க எளிது. தலைப்பகுதி 7 பைட், அடுத்து ஒரு செயல் எண், பிறகு முகவரி, அளவு. 3 என்றால் பதிவகங்களை (பிஎல்சியில் மதிப்புகள் இருக்கும் எண்ணிட்ட இடங்கள்) படிப்பது, 6 என்றால் ஒன்றில் எழுதுவது, 16 என்றால் பலவற்றில் எழுதுவது. பிடித்ததை ஒரு சிறு நிரலால் வடிகட்டி, யார், எந்தச் செயல், எந்த முகவரி என்ற அட்டவணையாக்கினோம். அதுவே பின்னால் அனுமதிப் பட்டியல் ஆயிற்று.

இந்த அட்டவணையை நம்பிக் கதவைப் பூட்டியதில் இரண்டு முறை அடிபட்டோம். முதலாவது, பிஎல்சியின் கடிகாரம். ஸ்காடா கணினி நள்ளிரவில் ஒரே ஒருமுறை பிஎல்சிக்கு நேரத்தை எழுதிவந்திருக்கிறது. நாங்கள் தரவு பிடித்ததெல்லாம் பகலில். அனுமதிப் பட்டியலில் அந்த எழுத்து இல்லாததால் கேட்வே அதை மறுத்தது. கடிகாரம் மெல்லப் பின்தங்க, ஷிப்ட் அறிக்கைகளில் நேரம் பொருந்தவில்லை என்று ஆபரேட்டர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். ஆர்.ஓ. சவ்வுகளை அவ்வப்போது ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும். சவ்வின் இரு முனைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு 15 சதவீதம் அளவுக்குக் கூடினால் கழுவுவது வழக்கம். நாள் குறித்துச் செய்வதல்ல, சவ்வு சொல்லும்போது செய்வது. அப்போது தொட்டியின் பிஎச் இலக்கு காரச் சுற்றில் 11-ஐத் தாண்டும், அமிலச் சுற்றில் 2-க்கு அருகே இறங்கும். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கழுவல் நடக்கவே இல்லை, ஆகவே அந்த இலக்குகளுக்குப் பட்டியலில் இடமும் இல்லை. நெட்வொர்க்கில் ஒரு வாரம் காது வைத்தால் போதும் என்று தோன்றும். ஆலையின் வேலை ஒரு முழுச் சுற்று வரும்வரை காது வைக்க வேண்டும் என்பதுதான் சரி. அந்தச் சுற்று எவ்வளவு நீளம் என்று ஆபரேட்டரைக் கேட்டால் சொல்லிவிடுவார். வயர்ஷார்க் சொல்லாது.

வாசல்

கேட்வேக்கு எடுத்தது விசிறி இல்லாத சிறிய தொழிலகக் கணினி, இரண்டு ஈதர்நெட் துளைகள், 22,000 ரூபாய். ஒரு துளை பிஎல்சி பக்கம், மற்றது ஸ்காடா பக்கம். இரண்டும் வெவ்வேறு சப்நெட், அதாவது தனித்தனி நெட்வொர்க் பகுதிகள். நடுவில் கோ மொழியில் எழுதிய ப்ராக்ஸி, அதாவது கோரிக்கையை வாங்கித் தானே மறுபக்கம் அனுப்பும் இடைநிரல். டச் பேனலைப் பிஎல்சி பக்கத்திலேயே விட்டோம். ஒரே வாசல் என்று சொல்லிவிட்டு இதென்ன ஓட்டை என்று என் சக நிரலாளர் சண்டை பிடித்தார். பேனலும் பிஎல்சியும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைத் திறப்பவர் கம்பியையே அறுக்கலாம். அதற்குப் பெட்டியில் பூட்டுப் போடுவதுதான் மருந்து. கேட்வே செத்தாலும் ஆபரேட்டர் பேனலில் நின்று ஆலையை ஓட்டலாம் என்பது எங்களுக்கு அந்தத் தூய்மையைவிடப் பெரிதாகப் பட்டது.

வாங்கிய கணினியில் லேன் பைபாஸ் என்ற வசதி இருந்தது. மின்சாரம் போனால் உள்ளே ஒரு ரிலே விழுந்து இரண்டு துளைகளையும் நேராக இணைத்துவிடும். "ஆலை நிற்கக் கூடாது" என்ற கட்டளைக்கு இதுதான் விடை என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்தோம். மேசையில் சோதித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஸ்காடா பேசுவது கேட்வேயின் முகவரியோடு. கேட்வே செத்தால் அந்த முகவரியே இல்லை, கம்பி சேர்ந்து என்ன பயன்? அடுத்தது, கேட்வேயின் ப்ளக்கைப் பிடுங்குகிற எவருக்கும் பிஎல்சி திறந்துகிடக்கும். மின்சாரம் போனால் தானே திறந்துகொள்ளும் பூட்டை வாசலில் மாட்டியது போல. பைபாஸை அமைப்பில் அணைத்துவிட்டோம். பிஎல்சியிலேயே இருந்த அனுமதி முகவரிப் பட்டியலில் கேட்வேயையும் பேனலையும் மட்டும் எழுதினோம். யாராவது அவசரத்தில் ஒரு கேபிளைக் குறுக்கே செருகினாலும் பலிக்காது.

ப்ராக்ஸியின் முதல் வடிவம் எளிமையாக இருந்தது: ஒவ்வொரு வாடிக்கையாளர் இணைப்புக்கும் பிஎல்சி பக்கம் ஓர் இணைப்பு. ஆலையில் மாட்டிய சிறிது நேரத்தில் டச் பேனலில் "தொடர்பு இல்லை" என்று சிவப்பு எழுத்து. இந்த பிஎல்சி ஒரே நேரத்தில் 4 இணைப்புகளைத்தான் ஏற்கும். ஸ்காடா இரண்டு, லாகர் ஒன்று, எங்கள் சோதனை நிரல் ஒன்று. பேனலுக்கு இடமில்லாமல் போயிற்று. பாதுகாப்புக்கு வைத்த பெட்டி ஆபரேட்டரின் கையைக் கட்டிப்போட்டது.

மாற்றி எழுதினோம். பிஎல்சி பக்கம் ஒரே நிலையான இணைப்பு, அதற்கு முன்னால் ஒரு வரிசை. எல்லாக் கோரிக்கைகளும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் போகும். இதில் கவனிக்க வேண்டியது பரிவர்த்தனை எண். ஸ்காடாவும் 1 என்று போடும், லாகரும் 1 என்று போடும். கேட்வே தன் சொந்த எண்ணை இட்டு அனுப்பி, பதில் வரும்போது பழைய எண்ணை மாட்டித் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கேட்டதற்கு இன்னொருவருக்குப் பதில் போகும். பிஎல்சி தொடர்ந்து மூன்று முறை பதில் சொல்லாவிட்டால் கேட்வே கொஞ்ச நேரம் அதைத் தொந்தரவு செய்யாமல், கேட்பவர்களுக்கு மோட்பஸின் பிழை எண் 11-ஐத் தானே அனுப்பிவிடும். "பின்னால் இருக்கும் கருவி பதில் தரவில்லை" என்பதற்கான எண் அது. ஸ்காடாவில் முன்பு சுமார் 12 மில்லி விநாடியில் வந்த பதில் இப்போது 15 முதல் 18 மில்லி விநாடியில் வருகிறது. விநாடிக்கு ஒருமுறை கேட்கும் ஸ்காடாவுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சோதனைச் சாவடி

இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. ஆகவே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

விதிகள் ஒரு கோப்பில் இருக்கின்றன: இந்தப் பொறுப்பில் உள்ளவர், இந்தச் செயல் எண், இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை, குறைந்த அளவு, கூடிய அளவு, பத்து நிமிடத்தில் எவ்வளவு மாறலாம். கோப்பில் இல்லாத எதுவும் மறுக்கப்படும். செயல் எண் 23-ஐப் பார்த்தபோதுதான் இந்த "இல்லாதது மறுக்கப்படும்" என்பதன் அருமை புரிந்தது. பெயரில் படிப்பு முதலில் வரும் அந்தச் செயல் அதே கோரிக்கையில் எழுதவும் செய்யும். எழுதும் செயல்களை மட்டும் பட்டியலிட்டுத் தடுத்திருந்தால் அது நைசாக உள்ளே போயிருக்கும்.

செயல் எண் 16-ல் ஒரே கோரிக்கையில் 123 பதிவகங்கள் வரை எழுதலாம். எங்கள் முதல் நிரல் தொடக்க முகவரியை மட்டும் சரிபார்த்தது. அனுமதித்த முகவரியில் தொடங்கி, அளவை நீட்டி, அனுமதிக்காத முகவரிக்குள் நுழையும் கோரிக்கை ஒன்றைச் சோதனையில் அனுப்பினோம். வணக்கம் சொல்லி உள்ளே விட்டது. இப்போது கோரிக்கையின் ஒவ்வொரு பதிவகமும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்று தோற்றாலும் மொத்தமும் தள்ளுபடி.

அடுத்த தலைவலி தசம எண்கள். பிஎச் இலக்கு 32 பிட் தசம எண். இரண்டு பதிவகங்களில் உட்கார்ந்திருக்கிறது. 6.8 என்பது 16,601 என்றும் 39,322 என்றும் இரண்டு துண்டாகிறது. எது முன்னால், எது பின்னால் என்பது பிஎல்சி தயாரிப்பாளரின் விருப்பம். நாங்கள் தலைகீழாக எடுத்துக்கொண்டதில் 6.8 என்பது பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஓர் எதிர்மறை எண்ணாகத் தெரிந்து, மேற்பார்வையாளர் போட்ட நியாயமான இலக்குகள் எல்லாம் மறுக்கப்பட்டன. நல்லவேளை, தவறு மறுக்கும் பக்கமாக விழுந்தது. இப்போது கேட்வே எழுந்ததும் தற்போதைய இலக்கைப் படித்து, அது பேனலில் தெரியும் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்தி உறுதி சொன்னால்தான் எழுதும் வழியே திறக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. தசம எண்களில் "இது எண்ணே அல்ல" என்று குறிக்கும் ஒரு சிறப்பு மதிப்பு உண்டு. பதிவகங்களில் 32,704, 0 என்று எழுதினால் அது கிடைக்கும். எங்கள் நிரல் இப்படி இருந்தது: மதிப்பு குறைந்த அளவுக்குக் கீழே இருந்தாலோ, கூடிய அளவுக்கு மேலே இருந்தாலோ மறு. அந்தச் சிறப்பு மதிப்போ பெரிதா சிறிதா என்று எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் "பொய்" என்றே விடை தரும். கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. ஆகவே மறுக்கக் காரணம் இல்லை. ஆகவே உள்ளே போ! மேசை மேல் இருந்த பழைய பிஎல்சியில் அதை அனுப்பிப் பார்த்தோம். இலக்கை நோக்கி அளவைத் திருத்தும் பிஐடி கணக்கில் அது நுழைந்ததும் அதைத் தொட்ட ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் எண்ணல்லாததாகிவிட்டது. சரியான இலக்கைத் திரும்ப எழுதியும் தெளியவில்லை, ஏனென்றால் பழைய பிழைகளைச் சேர்த்துவைக்கும் மாறியிலும் அது தங்கிவிட்டது. பிஎல்சியை அணைத்துப் போட வேண்டியதாயிற்று.

திருத்தம் ஒரே வரி: மதிப்பு இரண்டு எல்லைகளுக்கும் உள்ளே இருந்தால் மட்டும் அனுமதி, மற்றதெல்லாம் மறு. மறுக்கக் காரணம் தேடும் நிரலுக்கும் அனுமதிக்கக் காரணம் கேட்கும் நிரலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் துல்லியமாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

சவ்வு கழுவும்போது எல்லைகள் மாற வேண்டும் என்று முன்பே சொன்னேன். "கழுவல் நடக்கிறது" என்பதைக் கோரிக்கை அனுப்புபவர் சொல்வதாக ஒரு வடிவம் எழுதினோம். உடனே தூக்கிப்போட்டோம், ஏனென்றால் பொய் சொல்பவரும் அதையே சொல்வார். இப்போது கேட்வே அந்த நிலையைப் பிஎல்சியிலிருந்து தானே படிக்கிறது. பிஎல்சியோ, உயர் அழுத்தப் பம்பு நின்று, கழுவல் வால்வுகள் உண்மையாகவே திறந்திருக்கின்றன என்று அவற்றின் லிமிட் சுவிட்சுகள் சொன்னால்தான் அந்த நிலைக்குப் போகும்.

மறுப்பை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு சிறு சிக்கல் இருந்தது. பொறுப்பு இல்லாதவருக்குப் பிழை எண் 1, எல்லை மீறிய மதிப்புக்கு 3 என்று திருப்புகிறோம். பழைய ஸ்காடா பிழை 1-ஐக் கண்டதும் அதே எழுத்தை அரை விநாடிக்கு ஒருமுறை விடாமல் முயன்றுகொண்டே இருந்தது. கேட்வேயில் ஒரே மறுப்பு திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிக்கையோடு ஒரே வரியாகப் பதியும்படி மாற்றினோம்.

யார் நீ?

மோட்பஸில் ஆள் அடையாளம் இல்லை. 2018-ல் வெளியான பாதுகாப்பான மோட்பஸ் வரையறை, தரவை மறையாக்கும் டி.எல்.எஸ். மேல் 802-ஆம் போர்ட்டில் ஓடும், ஆளை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழிலேயே பொறுப்பையும் எழுதிவைக்கும். எங்கள் பிஎல்சிக்கு அது தெரியாது, ஸ்காடாவுக்கும் தெரியாது. ஆகவே ஸ்காடா கணினியில் எஸ்-டனல் என்ற மென்பொருளைப் போட்டு, கேட்வே வரைக்கும் டி.எல்.எஸ். குழாய் அமைத்தோம். கணினிக்கு ஒரு சான்றிதழ், லாகருக்கு ஒன்று.

ஒருநாள் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் எழுந்தன. ஸ்காடா மட்டும் குருடாகவே இருந்தது. கேட்வே பலகையில் இருந்த நாணய பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விட, எல்லாச் சான்றிதழ்களையும் "இன்னும் நடப்புக்கு வரவில்லை" என்று கேட்வே நிராகரித்துக்கொண்டிருந்தது. நேரத்தைத் திருத்திக்கொள்ள இணையம் வேண்டும். அந்த வழியையோ நாங்களே அடைத்திருந்தோம். நூறு ரூபாய்கூட விலை இல்லாத பேட்டரி, அவ்வளவு அழகாகக் கட்டிய குழாயை முடக்கிவிட்டது. பேனல் இருந்ததால் ஆலை ஓடியது.

புதிய பேட்டரி போட்டோம். ரூட்டர் பக்கம் ஒரு நேர சேவையகம் வைத்து அதை மட்டும் அனுமதித்தோம். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று செய்தோம். சான்றிதழ் எந்தக் காரணத்தால் தோற்றாலும், ஸ்காடா கணினியின் முகவரியிலிருந்து வரும் படிக்கும் கோரிக்கைகளை மட்டும் தனி போர்ட்டில் ஏற்கிறோம். எழுத முடியாது, பார்க்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் இரவு ஷிப்டில் அழுத்தம் ஏறுவதைக் கட்டுப்பாட்டு அறையிலிருப்பவர் பார்க்க முடியாமல் போவது எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

சாவி

மென்பொருளில் எவ்வளவு கட்டினாலும் கேட்வேயே யாரிடமாவது சிக்கிவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை பிஎல்சிக்குள் வேண்டும். வெளியிலிருந்து வரும் இலக்குகள் நேராக வேலை செய்யும் பதிவகங்களுக்குப் போகாமல், ஒரு காத்திருப்புப் பகுதியில் விழும்படி பிஎல்சிக்குள் ஓடும் லேடர் நிரலை மாற்றினோம். பெட்டியின் முகப்பில் 450 ரூபாய்க்கு ஒரு சாவி சுவிட்ச். சாவி திருப்பப்பட்டிருந்து, மதிப்பும் பிஎல்சியின் சொந்த எல்லைகளுக்குள் இருந்தால்தான் அது காத்திருப்புப் பகுதியிலிருந்து உள்ளே நகலெடுக்கப்படும்.

"சாவி தொலைந்தால் ராத்திரியில் யாரை எழுப்புவது, தம்பி? சுவிட்சிலேயே செருகி ஒரு கயிற்றால் கட்டிவிடலாமே" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. 2017-ல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் டிரைட்டன் என்ற தீநிரலின் தாக்குதல் நடந்தபோது, பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் சாவி நிரலெழுதும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. சாவி இருந்தும் பயன் இல்லை. ஆகவே சாவி திருப்பியிருக்கும் நிலையைப் பார்க்காமல், திருப்பப்படும் கணத்தை மட்டும் லேடர் கவனிக்கும்படி செய்தோம். திருப்பியதும் 30 நிமிட டைமர் ஓடும், முடிந்ததும் வழி அடைபடும். சாவியை நாள் முழுக்க அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்பத் திறக்க வேண்டுமானால் அணைத்துவிட்டு மறுபடி திருப்ப வேண்டும். கயிறு இப்போதும் தொங்குகிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

கேட்வே ஒவ்வொரு விநாடியும் பிஎல்சியில் ஓர் எண்ணைக் கூட்டி எழுதுகிறது. 10 விநாடி அந்த எண் நகராவிட்டால் பிஎல்சி தானாகவே "உள்ளூர்" நிலைக்குப் போய்க் காத்திருப்புப் பகுதியைத் துடைத்துவிடும். தொடக்கத்தில் சொன்ன ப்ளக் பிடுங்கும் சோதனை தேறியது இந்தச் சின்ன ஏற்பாட்டால்தான். அதற்கு முன்பு பிடுங்கியபோது, பாதி வந்த ஓர் இலக்கு காத்திருப்புப் பகுதியில் கிடந்து, அடுத்து யாரோ சாவியைத் திருப்பியதும் உள்ளே போயிற்று.

பதிவேடு

எல்லாவற்றையும் பதிவோம் என்று தொடங்கினோம். ஸ்காடா விநாடிக்கு ஒருமுறை கேட்கும் சுற்றில் 6 கோரிக்கைகள் அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 5,18,400 வரிகள். வரிக்கு 150 பைட் என்றால் நாளுக்கு 78 எம்.பி. அளவு. இந்தியாவின் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கணக்கு 14 ஜி.பி.யில் போய் நின்றது. இடம் பிரச்சினை இல்லை. அந்த வைக்கோற்போரில் எழுதிய ஒரு வரியைத் தேடுவதுதான் பிரச்சினை. இப்போது எழுதல்கள், மறுப்புகள், யார் வந்தார் போனார் என்பவை மட்டும் முழுதாகப் பதிகின்றன. படித்தவை நிமிடத்துக்கு ஒரு சுருக்க வரி.

ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் எஸ்.எச்.ஏ-256 சுருக்கம் (அந்த வரியிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்) சேர்ந்திருப்பதால் நடுவில் ஒன்றை மாற்றினால் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் பெட்டியைக் கைப்பற்றியவர் சங்கிலி முழுவதையும் புதிதாகவே எழுதிவிடலாமே. கடைசிச் சுருக்கத்தைப் பெட்டிக்கு வெளியே எங்காவது வைக்க வேண்டும். ஆலையில் ஏற்கெனவே ஒரு பதிவேடு இருந்தது: ஷிப்ட் மாறும்போது ஆபரேட்டர்கள் அளவுகளை எழுதிக் கையெழுத்திடும் நீளமான நோட்டு. அதில் ஒரு கட்டம் கூட்டினோம். கேட்வே சுருக்கத்திலிருந்து 8 இலக்கம் காட்டும், அதை அங்கே எழுத வேண்டும். முதலில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து காட்டியதில் எழுத்துப் பிழைகள் குவிந்தன. எண்ணாக மட்டும் மாற்றிய பிறகு ஒழுங்காக வருகிறது.

முதலாளியின் கைபேசித் திரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர் மோட்பஸ் பேசுவதே இல்லை. வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணையக் குழாய் வழியாக வந்து ஒரு பக்கத்தைப் பார்க்கிறார்: ஓட்டம், அழுத்தம், பிஎச், தொட்டி மட்டம். எழுதும் பொத்தானே அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

பொருள் செலவு: கணினி 22,000, மேனேஜ்டு சுவிட்ச் 11,500, மின்வெட்டைத் தாங்கும் 24 வோல்ட் மின்வழங்கி 6,800, சாவி சுவிட்ச் 450, மேசைச் சோதனைக்குப் பழைய பிஎல்சி 9,000. மொத்தம் 49,750 ரூபாய். எங்கள் உழைப்பு இதில் சேரவில்லை. பழைய பிஎல்சி வாங்கியது வீண் செலவு என்று முதலில் முணுமுணுத்தவன் நான். எண்ணல்லாத அந்த மதிப்பை ஓடும் ஆலையில் சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அது மலிவு.

அடுத்த ஆலையில் மாற்றப்போவது: லேடர் நிரலையும் சாவியையும் முதலில் முடித்துவிட்டுப் பிறகுதான் கேட்வேயைத் தொடுவேன், ஏனென்றால் அவை மட்டுமே இருந்தாலும் பாதி வேலை முடிந்த மாதிரி. லேன் பைபாஸ் இல்லாத மலிவான கணினி போதும். விதிக் கோப்பை நாங்கள் நிரலாளர் மொழியில் எழுதியதால் அதை ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் படிக்க முடியவில்லை. பிஎச் எல்லையை 0.2 மாற்ற அவர் எங்களை அழைக்க வேண்டியிருக்கிறது. அதை ஒரு சாதாரண அட்டவணையாக, பதிவக எண்களுக்குப் பதிலாக "அமில டோசிங் இலக்கு" என்பது போன்ற பெயர்களோடு எழுதும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மாற்றம் செய்ய இரண்டு பேர் ஒப்ப வேண்டும் என்று வைக்கலாமா, இரவில் ஒருவர்தானே இருப்பார் என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.